முதலில் நகலில்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



நம் பள்ளியின் மதிப்பெண்கள் ‘மூடல்’ என்னும் மென்பொருளில் இருப்பதை அறிவீர்கள். ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டுகியாமஸ் என்பவர் உருவாக்கி 2002-இல் வெளியிட்டது. விலை கிடையாது, நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளவும் தடையில்லை.

தடையில்லைன்னா மாத்திட வேண்டியதுதானே என்று போன ஆண்டு ஒரு மாலை உட்கார்ந்தேன். ஓடிக்கொண்டிருந்த மென்பொருளிலேயே கை வைத்தேன். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போச்சு, அவ்வளவுதான். திரை முழுக்க வெள்ளை! பெயருக்கேற்றபடி மூடியே விட்டது. மறுநாள் வேலையைப் பாதியில் விட்டு முடிவு பார்க்க வந்த பெற்றோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த முகங்களை நான் மறக்கவில்லை.

புது ரப்பர்க் கன்றை நேரே நிரையிலா நடுகிறோம்? நர்சரியில் வளர்த்தல்லவா கொண்டுபோகிறோம்! இப்போது ஒரு பழைய கணினியில் நகல் வைத்திருக்கிறேன். மென்பொருளை மட்டும் நகலெடுத்தால் போதாது. மதிப்பெண்கள் இருக்கும் தரவுத்தளமும் வேண்டும். பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நகலிலிருந்து மின்னஞ்சல் போவதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நான் விளையாட்டாகப் போட்ட சுழியம் நிஜத் தகப்பனாருக்குப் போய்ச் சேரும். அன்று வீட்டில் அடி யாருக்கு?

நகலில் சரியாக வந்தால், செய்ததை வரிசையாகக் குறித்துக்கொண்டு, அசலுக்கும் ஒரு காப்புப்படி எடுத்து, யாரும் பார்க்காத சனிக்கிழமை இரவில்தான் அசலைத் தொடுகிறேன்.

இந்த ஆண்டு நகல் 11 முறை வெள்ளையானது. உங்களில் ஒருவருக்கும் தெரியாது.