காட்டில் ஓர் இரவு: தனித்த பெற்றோரும் குழந்தைகளும்



மேற்கே மலையும் கிழக்கே வயலும் எலுமிச்சைத் தோட்டமுமாக அமைந்த ஊர் புளியங்குடி. இங்கு வளரும் குழந்தைக்கு மலை நாள்தோறும் கண்ணில் படுகிறது. ஆனால் அதன் மடியில் ஓர் இரவு தங்கும் வாய்ப்பு எல்லாக் குழந்தைகளுக்கும் கிட்டுவதில்லை. தந்தையும் தாயுமாகச் சேர்ந்து அழைத்துச் செல்லும் குடும்பங்களுக்கே அது எளிதன்று. கணவனை அண்மையில் இழந்தவளோ, மணமுறிவு பெற்றவளோ, மனைவியைப் பறிகொடுத்தவனோ, சின்னஞ்சிறு குழந்தைகளை மட்டும் உடன்கொண்டு ஒரு கூடாரத்தில் தங்கப் புறப்பட்டால் ஊர் என்ன சொல்லும்? "தனியாகவா?" என்ற ஒரு சொல்லிலேயே அச்சம், இரக்கம், கண்டனம் மூன்றும் அடங்கிவிடும்.

இது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய பொருளாயிற்றே, இலக்கிய அவையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த அச்சத்தை ஊரின் நெஞ்சில் விதைத்தது கதைதான். ஆகவே அதை ஆராயவேண்டிய இடமும் கதை பேசும் அவைதான்.

தென்தமிழ்நாட்டில் நல்லதங்காள் கதையை அறியாதார் இலர். இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், வடக்கே, வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் உண்டு. பஞ்சம் தாங்காமல், கணவனை ஊரில் விட்டு, ஏழு குழந்தைகளோடு காட்டு வழியே அண்ணன் வீடு நோக்கி நடந்தவள் அவள். முடிவில் எழுவரையும் கிணற்றில் எறிந்து தானும் விழுந்தாள். குழந்தைகளோடு தனியே புறப்பட்ட தாய் என்றவுடன் ஊரார் மனத்தில் எழும் முதல் உருவம் இதுவே. ஆனால் கதையைக் கூர்ந்து கேட்டால் ஓர் உண்மை புலப்படும். காட்டு வழியில் ஒரு குழந்தையும் சாகவில்லை. புலியோ பாம்போ அவர்களைத் தீண்டவில்லை. அண்ணன் வேட்டைக்குச் சென்றிருந்த வேளையில் அண்ணி மூளி அலங்காரி கதவை அடைத்தாள். பின்னர் எரியாத விறகைக் கொடுத்துப் பசித்த வயிற்றை மேலும் வதைத்தாள். காட்டைக் கடந்து வந்த தாய், அந்த வீட்டைக் கடக்க இயலாமல் மாண்டாள்.

புறநானூறு காட்டும் கபிலரின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரி மாய்ந்தபின், பறம்பு மலையை விட்டு அவன் மகளிர் இருவரையும் அழைத்துக்கொண்டு கபிலர் நடந்தார். பெற்ற தந்தையல்லர் எனினும், ஒரே நாளில் தனித்த தந்தையாகிவிட்டவர் அவர். மலையும் சுரமும் அவருக்குத் தடையாகவில்லை. விச்சிக்கோவும் இருங்கோவேளும் மறுத்ததே தடையாயிற்று. தமிழ் கூறும் நல்லுலகம் போற்றிய புலவருக்கே இரண்டு வாயில்கள் அடைக்கப்பட்டன என்றால், பேர் அறியாத தாயொருத்தியின் நிலை சொல்ல வேண்டுவதில்லை.

இவ்விரண்டுக்கும் மாறான ஒரு நிகழ்ச்சி பாரதத்தில் உண்டு. பாண்டு காட்டில் இறந்தான். மாத்திரியும் அவனோடு மாய்ந்தாள். குந்தி ஐந்து சிறுவரோடு தனித்தாள். அவர்களுள் இருவர் மாற்றாள் பெற்ற பிள்ளைகள். அவ்வேளையில் சதசிருங்க மலையின் முனிவர்கள் அவளைத் தனியே விடவில்லை. அத்தினாபுரம் வரை உடன்வந்து ஒப்படைத்தார்கள். பின்னாளில் அரக்கு மாளிகையிலிருந்து தப்பி, மைந்தரோடு காட்டுத் தரையில் அவள் உறங்கியபோது வீமன் விழித்திருந்து காத்தான். ஏகசக்கர நகரில் ஓர் ஏழை அந்தணன் வீட்டுக் கதவு அவர்களுக்குத் திறந்தது. குந்தி நல்லதங்காளினும் துணிவு மிக்கவள் என்று சொல்ல இடமில்லை. குந்திக்கு வழித்துணையும் திறந்த கதவும் வாய்த்தன; நல்லதங்காளுக்கு வாய்க்கவில்லை. வேறுபாடு அவ்வளவே.

மூன்று கதைகளும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான். தனித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இடர் திறந்த வெளியில் இல்லை. அடைத்த கதவில் இருக்கிறது.

கடல் கடந்த ஒரு சான்றும் இதற்குத் துணை நிற்கிறது. பள்ளிகளில் சாரணர் இயக்கத்தை அறியாதவர் இலர். அதனைத் தோற்றுவித்த பேடன் பவல் 1857இல் பிறந்தவர். 1860இல் அவர் தந்தை இறந்தபோது அவருக்கு வயது மூன்று. தாய் என்றியேட்டா கைக்குழந்தை உள்படப் பல குழந்தைகளோடு தனித்தார். தந்தையில்லாப் பிள்ளைகள் என்று அவர்களை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. விடுமுறைகளில் சகோதரர்கள் படகேறியும் நடந்தும் ஊர் சுற்றினர், வெட்டவெளியில் தங்கினர். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1907 ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரௌன்சி தீவில் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கூடாரமடித்துத் தங்க வைத்தான். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். உலகெங்கும் சிறுவர்க்குக் கூடார வாழ்வைக் கற்பித்த இயக்கத்தின் வேரில், தனித்த ஒரு தாயின் துணிவு இருப்பது எண்ணத்தக்கது.

இனி இந்நிலத்துக்கு வரலாம். கூடாரமடித்துத் தங்குவது மேனாட்டார் பொழுதுபோக்கு என்று கருதுவோர் காரையாற்றை மறந்தவர்கள். பாபநாசத்துக்கு மேலே, பொதிகை மலைக்காட்டுக்குள், ஆற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. பட்டவராயன், சங்கிலி பூதத்தார், பேச்சி முதலிய தெய்வங்களும் அங்கு உறைகின்றன. ஆடி அமாவாசைக்கு நெல்லை, தென்காசி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் சென்று, மரத்தடியில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவது வழிவழி வந்த வழக்கம். நான்கு கழிகள், ஒரு தார்ப்பாய், ஒரு சமுக்காளம், தூக்குச்சட்டியில் புளிச்சோறு. ஒரு வீடு தயாராகிவிடும். மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் அங்கே ஒரே அளவு நிலத்தில் படுத்திருப்பார்கள். அவ்விடம் 1988இல் அமைக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்கு உட்பட்டதாகையால், தங்கும் நாள்களையும் செல்லும் ஊர்திகளையும் அண்மை ஆண்டுகளில் வனத்துறை வரையறுத்துவருகிறது. அது காட்டுக்கும் நல்லது, மக்களுக்கும் நல்லது.

அங்கே ஒரு தாயை எண்ணிப் பார்க்கலாம். கணவன் இறந்து ஆண்டு திரும்பிவிட்டது. எட்டு வயதில் மகன், ஐந்து வயதில் மகள். ஆண்டுதோறும் கழி நட்டவன் அவன். தார்ப்பாயைக் கட்டியவன் அவன். ஆற்றில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் குளிப்பாட்டியவனும் அவன். கடையநல்லூர், தென்காசி, கடையம் வழியாகப் பாபநாசம் போய்ச் சேருமட்டும் அவள் மனத்தில் ஓடிய வினா ஒன்றே: "வந்திருக்கத்தான் வேண்டுமா?"

முதலில் கழி நிற்கவில்லை. இரண்டு முறை குடில் சரிந்தது. மகன் கழியைப் பிடித்துக்கொள்ள, மகள் கல் பொறுக்கிக் கொடுக்க, மூன்றாம் முறை நின்றது. அது கோணலாகத்தான் நின்றது. எனினும் அது அம்மூவரும் சேர்ந்து எழுப்பிய முதல் வீடு. தந்தை இருந்தபோது அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே வேலையே இல்லை. விருந்தினரைப்போல் வந்து போனார்கள். இப்போது விளக்கு ஒருவன் பொறுப்பு, தண்ணீர்ச் செம்பு மற்றவள் பொறுப்பு. இழப்புக்குப் பின் குழந்தைகளை வாட்டுவது துயரம் மட்டுமன்று. தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்ற கையறு நிலையும் ஆகும். கையில் ஒரு வேலை வந்தவுடன் அந்நிலை சற்றே தளர்கிறது.

தனித்த பெற்றோரின் உண்மையான இடுக்கண் நள்ளிரவில்தான் வருகிறது. மகள் எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டும் என்கிறாள். மகன் உறங்குகிறான். இருப்பது ஒரு கைவிளக்கு. மகளுடன் சென்றால் மகன் தனியே. மகனோடு இருந்தால் மகள் இருளில். பெற்றோர் இருவர் உள்ள வீட்டில் இது ஒரு சிக்கலே அன்று. ஒருவரே ஆகும்போது முழு வாழ்க்கையும் இந்த ஒரு வினாவாகச் சுருங்கிவிடுகிறது. காரையாற்றில் அதற்கு விடை உண்டு. அடுத்த குடிலில் விழித்திருக்கும் பெரியவள், "நீ போய்ட்டு வா தாயி, பயலை நான் பாத்துக்கிடுதேன்" என்பாள். ஊர் கேட்கமாட்டாள், கணவன் எங்கே என்றும் கேட்கமாட்டாள். பத்துச் சொற்கள்கூட இல்லை. அவற்றுக்குள் ஏகசக்கர நகரின் கதவு திறந்துவிடுகிறது.

மறுநாள் ஆற்றங்கரையில் முன்னோரை நினைத்து எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். ஆடி அமாவாசை இறந்தோரின் நாளும் அன்றோ! மகன் தந்தையின் பெயரைச் சொல்லி நீர் வார்க்கிறான். வீட்டில் ஓராண்டாக யாரும் உரக்கச் சொல்லாத பெயர் அங்கே இயல்பாக வெளிவருகிறது. மணமுறிவு பெற்றவர்க்கு இத்தகைய சடங்கு ஒன்றும் இல்லை. பிரிந்துபோன தந்தையைப் பற்றியோ தாயைப் பற்றியோ குழந்தை எந்தக் கரையில் பேசும்? அதற்கும் ஓர் இரவும் ஒரு வெளியும் வேண்டியிருக்கிறது. சுவர்களுக்கு நடுவே கேட்க அஞ்சும் வினாவைக் குழந்தை விண்மீன்களின் கீழே கேட்டுவிடும்.

தாயை இழந்த பிள்ளைகளோடு தனித்த தந்தைக்கும் இது பொருந்தும். கழி நடுவது அவனுக்கு எளிது. காலையில் மகளுக்குத் தலைவாரிப் பின்னல் போடுவதுதான் கடினம். எண்ணெய் வைத்துச் சிக்கெடுக்கத் தெரியாமல் அவன் தடுமாறும்போது, அதைப் பார்த்துச் சிரிக்காத அயலார் அமைவதே அவனுக்குத் திறந்த கதவு.

கதவு என்பது மரத்தால் மட்டும் ஆனதன்று; தாளாலும் ஆனது. மகன் பெயரில் பத்திரம் வாங்கத் தாய் காப்பாளராக இட்ட கையொப்பம் ஏற்கப்படாததை எதிர்த்து எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், 1999இல் உச்ச நீதிமன்றம் தாயும் இயற்கைக் காப்பாளரே என்று சட்டத்துக்குப் பொருள் கண்டது. மணமாகாத தாய், தந்தைக்கு அறிவிப்புக் கொடுக்காமலே காப்பாளராக விண்ணப்பிக்கலாம் என்று 2015இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியக் குடும்பங்களில் 4.5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1.3 கோடிக் குடும்பங்கள், தனித்த தாயரால் நடத்தப்படுவதாகக் கணக்கிட்டது. இத்தனை பேருக்கு வழிவிடச் சட்டம் ஒருவாறு முன்வந்துவிட்டது. தெருதான் இன்னும் தயங்குகிறது.

இவ்வாறு சொல்வதால் காட்டை எளிதாக எண்ணிவிடலாகாது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீக்கு இரையானவர்களை நாடு மறக்கவில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோயிற்று. மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தனித்த பெற்றோர் இசைவு பெற்ற இடத்தில், பலர் தங்கும் நாளில், முதன்முறை ஓர் இரவு மட்டும் தங்குவதே அறிவுடைமை. வெளிச்சம் இருக்கும்போதே குடில் போட்டுவிட வேண்டும். ஒருவர் கண்ணால் காக்கக்கூடிய அளவுக்கே குழந்தைகளை நீரில் விட வேண்டும். ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கரையில் இருக்கட்டும். ஒவ்வொரு குழந்தையின் கழுத்திலும் ஓர் ஊதல் தொங்கட்டும். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் உறவினர் ஒருவரிடம் சொல்லிச் செல்ல வேண்டும். சென்று சேர்ந்தவுடன் செய்யத்தக்க முதல் வேலை, அடுத்த குடிலாரிடம் பெயர் சொல்லி அறிமுகமாவதே. துணிவு என்பது துணையை மறுப்பதன்று; துணையைக் கேட்கத் தெரிவதும் துணிவே.

நல்லதங்காளுக்குக் கோயில் எழுப்பிய மக்கள் இரக்கமற்றவர் அல்லர். ஆயினும் இறந்தபின் எழுப்பிய கோயிலைக் காட்டிலும், அவள் வந்து நின்ற அன்று ஒரு கதவு முழு மனத்தோடு திறந்திருந்தால் அதுவே பெருங்கோயில். இனி இவ்வூரில் ஒரு தாயோ தந்தையோ பிள்ளைகளோடு மலைப்பக்கம் புறப்பட்டால், "தனியாகவா?" என்று கேட்பதற்கு முன், "எங்கள் குடிலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது" என்று சொல்லும் வழக்கம் வளரட்டும்.

பத்தாம் ஆண்டு நிறைவுக்கு வாழ்த்து.