சுழலும் தட்டில் ஸுஷி



பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நமக்கு, பழக்கமில்லாத உணவின் முன் அமர்வது புதிய அனுபவமன்று. இது என்ன, எப்படி உண்பது, என்ன விலை, எதனால் செய்தது என்னும் நான்கு கேள்விகள் அப்போது எழுகின்றன. முதல் மூன்று கேள்விகளுக்கும், மொழி அறியாதவனுக்கும் விளங்குமாறு விடை தரும் எளிய உணவு விடுதியொன்று ஜப்பானில் உண்டு. 'காய்ட்டன் ஸுஷி', அதாவது சுழலும் ஸுஷி, என்று அதற்குப் பெயர்.

ஸுஷி என்றவுடன் பச்சை மீன் என்று பலர் எண்ணுகின்றனர். காடியும் உப்பும் சர்க்கரையும் கலந்து பக்குவப்படுத்திய சோறுதான் ஸுஷிக்கு அடிப்படை. முற்காலத்தில் மீன் கெடாதிருக்க, அதை உப்பிட்டுச் சோற்றில் பொதிந்து பல மாதங்கள் புளிக்கவைப்பர். பின்பு மீனை உண்டு சோற்றை எறிந்துவிடுவர். பிவா ஏரிப் பகுதியில் 'ஃபுனாஸுஷி' என்ற பெயரில் அம்முறை இன்றும் நிலவுகிறது. பிற்காலத்தில் சோற்றில் காடியைச் சேர்த்தமையால், மாதக் கணக்கில் காத்திராமலே புளிப்புச் சுவை கிடைத்தது; சோறும் உண்ணப்பட்டது. 1820-களில், இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரில், ஒரு பிடி சோற்றின் மேல் மீன் துண்டை வைத்து அழுத்தித் தரும் வழக்கம் பரவிற்று. ஹனாயா யோஹெய் என்பவரின் பெயரை அதனோடு சேர்த்துக் கூறுவர். அந்நாளில் அது வேலைக்குச் செல்வோர் தெருவோரக் கடையில் விரைந்து உண்ணும் சிற்றுண்டி.

சோற்றுக்கு ஸுஷிக் கடைக்காரர் வழங்கும் பெயர் 'ஷாரி'. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட என்போன்றோர் இச்சொல்லைக் கேட்டு வாளாவிருத்தல் அரிது. அதை எழுதும் சீன எழுத்துக்கள் வடமொழிச் 'சரீர'த்தின் ஒலிபெயர்ப்பு. புத்தர் பெருமானின் திருமேனி எச்சங்களைக் குறிக்க, பௌத்த சமயத்தோடு கிழக்கே சென்ற சொல் அது. அவ்வெச்சங்கள் வெண்ணிற மணிகளை ஒத்திருந்தமையால் அரிசிக்கு அப்பெயர் வந்தது என்பர். நெல்லைக் குறிக்கும் 'சாலி' என்னும் சொல்லோடு மயங்கியதே காரணம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், நம் செவிக்கு உறவான ஒரு சொல் அங்கே சோற்றுத் தட்டில் அமர்ந்திருக்கிறது.

1923-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நேர்ந்த பெரு நிலநடுக்கத்தில் டோக்கியோ பேரழிவுக்கு உள்ளாயிற்று. கடையிழந்த ஸுஷித் தொழிலாளர் பலர் சொந்த ஊர்களுக்கும் பிற நகரங்களுக்கும் சென்று அங்கே தம் தொழிலைத் தொடங்கினர். ஒரு நகரத்தின் உணவு நாடெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். வயிற்றுப் பிழைப்புக்காக ஊர் மாறியவர்கள் உணவையும் உடன் கொண்டு செல்வர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

சுழலும் பட்டையை அமைத்தவர் ஷிராய்ஷி யோஷியாகி. ஓஸாகாவை அடுத்த தொழிற்சாலைப் பகுதியில் அவர் கடை நடத்தினார். மலிவாக விற்றால் கூட்டம் சேரும். ஆனால் பரிமாறக் கூடுதல் ஆள் வைத்தால் விலை ஏறிவிடும். மது ஆலையொன்றில் பீர்ப் புட்டிகள் நகரும் பட்டையில் செல்வதைக் கண்ட அவர், அவ்வாறே ஸுஷித் தட்டுகளையும் செலுத்தலாம் எனக் கருதி, 1958-இல் முதல் விடுதியைத் திறந்தார். 1970-இல் ஓஸாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பின்னர் அம்முறை பெரிதும் பரவியது.

உள்ளே நுழைந்தவுடன் 'இராஷ்ஷாய்மாஸே' என்று உரத்த குரலில் வரவேற்பர். பட்டை வினாடிக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும். பெரும்பாலும் தட்டுக்கு இரண்டு துண்டுகள். பல விடுதிகளில் தட்டின் நிறமே விலையை உணர்த்தும். இறுதியில் வெறுந்தட்டுகளை எண்ணிக் கணக்கிடுவர். தட்டுக்கு வரி நீங்கலாக 100 யென் என்ற விலை நெடுங்காலம் பெரிய விடுதிகளில் வழங்கியது. 2022-இல் அவற்றுள் சில அதனை உயர்த்தின. கையால் எடுத்து உண்ணலாம், குற்றமில்லை. சோயா சாஸில் சோற்றைத் தோய்க்காமல் மீன் பக்கத்தைத் தோய்ப்பது முறை. இல்லையேல் சோறு உதிரும். இடையே ஊறவைத்த இஞ்சியை உண்பது முன் சுவையை மாற்றுதற்கு. பணியாளருக்கு இனாம் கொடுக்கும் வழக்கம் அங்கில்லை.

இனி நான்காவது கேள்வி. மரக்கறி உண்போர்க்கு வெள்ளரிச் சுருள் உண்டு. சுரைக்காய் வற்றலைப் பொதிந்த சுருள் உண்டு. சோயாக்கட்டியைப் பொரித்துப் பைபோலாக்கிச் சோறு நிரப்பிய 'இனாரி'யும் உண்டு. ஆயினும் சுரை வற்றலையும் இனாரிப் பையையும், உலர்ந்த சூரை மீன் சீவலில் காய்ச்சிய 'தாஷி' என்னும் சாற்றில் வேகவைப்பது வழக்கம். கண்ணுக்கு மீன் தென்படாது. 'மீன் உண்டா?' என்று வினவினால் இல்லை என்றே விடை வரலாம். சொல்பவர் ஏமாற்றுபவர் அல்லர், சாற்றை அவர் மீனென்று கருதுவதில்லை. ஆதலால் 'தாஷி உண்டா?' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இவ்விடுதியின் உண்மையான மூலதனம் நம்பிக்கை. எனக்கு முன் அமர்ந்தவர் தாம் எடுக்காத தட்டைத் தொட்டிருக்கமாட்டார் என்று நம்பியே அடுத்தவர் உண்கிறார். 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஓர் இளைஞர் பொதுச் சாஸ் புட்டியை நாவால் நக்கும் காட்சி நாடெங்கும் பரவியது. பல விடுதிகள் திறந்த தட்டுகளைச் சுழலவிடுவதை நிறுத்தின. திரையில் விரல் வைத்துக் கேட்டால் கேட்டவரிடமே தட்டு வந்து சேரும் முறை பெருகிற்று. அதனால் உணவு வீணாவதும் குறைகிறது என்பது மெய்யே. எனினும், மொழி தெரியாத ஏழைத் தொழிலாளி கண்ணால் கண்டதைக் கையால் எடுத்து உண்ட அந்த எளிமை குறைந்துவிட்டது.

பொது மெஸ்ஸிலும் இரயில் பயணத்திலும் ஒரே குவளையையும் ஒரே மேசையையும் முன்பின் அறியாதவரோடு பகிர்ந்து வாழ்பவர்கள் நாம். அடுத்து வருபவருக்காக அந்த மேசையைத் தூய்மையாக விட்டுச் செல்லும் பொறுப்பு அங்கு உண்ணும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஜப்பானியர் உண்டு முடித்ததும் 'கோச்சிஸோஸாமா' என்று சமைத்தவருக்கு நன்றி கூறி எழுவர். அவ்விடுதிக்கு என்றேனும் செல்ல நேர்ந்தால், அச்சொல்லை மறவாமல் சொல்லிவிட்டு வாருங்கள்.