இரட்டைக் கிருமிகள்

நுணுக்குக்காட்டியின் கீழே ஒன்றுபோலத் தோன்றும் இரு கிருமிகளை வேறுபடுத்தி அறிதல் வெறும் ஆய்வுகூட விநோதமன்று. ஒரு நோயாளியின் உயிரும் ஓர் உழவரின் மந்தையும் அதனையே பொறுத்திருத்தல் கூடும். மனிதரைப் பீடிக்கும் சயரோகக் கிருமியும் மாட்டினைப் பீடிக்கும் சயரோகக் கிருமியும் அத்தகைய இரட்டையர்.

ஜேர்மனிய அறிஞர் றொபேட் கொக் 1882ஆம் ஆண்டிலே சயரோகக் கிருமியைக் கண்டறிந்தார். மாட்டின் கிருமி மனிதரின் கிருமியினின்றும் வேறானது என 1898இல் அமெரிக்கரான தியபோல்ட் சிமித் காட்டினார். 1901இல் இலண்டன் மாநாட்டிலே, மாட்டுச் சயத்தால் மனிதருக்குப் பெருந்தீங்கு இல்லையெனக் கொக் கூறினார். அதனை ஆராயப் பிரித்தானிய அரசு ஓர் ஆணைக்குழுவை நிறுவிற்று. நோயுற்ற பசுவின் பால், சிறப்பாகக் குழந்தைகளுக்கு, நோயைத் தரவல்லது என அக்குழு 1911இல் முடிவுசெய்தது. கிருமிகள் வேறானவை என்பது உண்மை. ஆதலின் ஆபத்தில்லை என்பதே பிழை.

இக்கிருமிகளின் பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ. நான்கு வகை எழுத்துக்களாலாய நெடிய ஏடு போன்றது. மனிதக் கிருமியின் ஏடு 1998இலும், மாட்டுக் கிருமியின் ஏடு 2003இலும் முழுமையாக வெளியிடப்பட்டன. பின்னது இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பசுவொன்றிலிருந்து 1997இல் பெறப்பட்டது. ஏறத்தாழ 43 இலட்சம் எழுத்துக்களுள் நூற்றுக்கு 99.95 வீதத்துக்கு மேல் இரண்டும் ஒன்றே.

எனினும் மாட்டுக் கிருமியின் ஏட்டிலே சில பக்கங்கள் கிழிந்து போயுள்ளன. ஆர்.டி.4 எனப்படும் பகுதி அவற்றுள் ஒன்று. ஐயத்துக்குரிய கிருமியின் டீ.என்.ஏ.யில் அவ்விடத்தை மட்டும் பன்மடங்கு பெருக்கி நோக்கின், அப்பகுதி உளதோ இலதோ என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். கிருமியை வளர்த்து வாரக்கணக்கிற் காத்திருந்து இனம் பிரித்தது பழைய முறை.

இதனால் வரும் பயன் யாது? மாட்டுக் கிருமியின் பரம்பரையலகு ஒன்றிலே ஓர் எழுத்து மாறியுள்ளது. அம்மாற்றத்தால், பைரசினமைட் என்னும் முக்கிய சயரோக மருந்து அதன்மீது பலிப்பதில்லை. நோயாளியின் உடலில் இருப்பது எக்கிருமி என அறியாத மருத்துவர் பயனற்ற மருந்தை நம்பியிருக்க நேரும். அறிந்தவரோ ஏனைய மருந்துகளை நீண்ட காலம் கொடுப்பார்.

மந்தைக்கும் இவ்வறிவு உதவுகின்றது. வளை தோண்டி வாழும் பட்ஜர் என்னும் காட்டுவிலங்கு மாடுகளுக்கு நோயைப் பரப்புகின்றதா என்பது இங்கிலாந்திலே நெடுநாளைய வழக்கு. குளொஸ்ரர்சயரிலே மாடுகளிலும் பட்ஜர்களிலும் பெற்ற கிருமிகளின் முழு ஏடுகள் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்பட்டன. 2019இல் வெளியான முடிவின்படி, பட்ஜரிலிருந்து மாட்டுக்கு நோய் செல்வது மறுதிசையிற் செல்வதிலும் அதிகம். ஆயினும் ஒவ்வோரினத்துக்குள்ளும் பரவுவது அதனிலும் அதிகம். ஆதலின் காட்டுவிலங்கை மட்டும் பழித்து, மந்தையைக் கவனியாது விடுதல் தகாது.

ஓரெழுத்தின் வேறுபாட்டையும் புறக்கணியாத நுண்ணறிவே இங்கு நோயாளிக்கும் உழவருக்கும் துணையாகின்றது.