வீட்டுக் காரியமும் வக்கீலும்
(தூத்துக்குடியில் ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சிற்றாலய குரு ஆற்றிய உரை)



எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது, ஏசாயா தீர்க்கதரிசி முதலில் நினைவூட்டியது அவருடைய வீட்டு விவகாரத்தைத்தான். வார்டில் நாங்கள் ஜெபித்து எழும்பும்போது, சங்கு குளித்தவரும் உப்பளத்தில் உழைத்தவரும் மெல்லக் கேட்பதும் அதுவே: "ஐயா, எனக்குப் பிறகு வீடும் வள்ளமும் யாருக்கு? நல்ல வக்கீல் இருக்காங்களா?"

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடில்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயிடம் முறையிட்டுப் பெற்றதை நம் பெண்கள் முறையிடாமலே பெறலாம். ஆனால் "நகை போட்டாச்சே" என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற குடும்பங்கள் உண்டு. தாயும் கேட்க வழியின்றி நிற்கிறாள்.

ஆகவே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் வேண்டியதில்லை, இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ எழுதிவைத்த சொத்து அவர்களுக்குச் சேராது. உயில் எழுதியபின் திருமணம் செய்தால், பழைய உயில் ரத்தாகும். நிறைவேற்ற ஒரு காரியஸ்தரையும் பெயர் சொல்லி நியமியுங்கள்.

முன்பு கிறிஸ்தவர்கள் புரொபேட் பெறாமல், உயிலைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமை நிலைநாட்ட முடியாது. 2002-இல் வந்த திருத்தம் அந்தக் கட்டாயத்தை நீக்கிற்று. ஆயினும் உடன்பிறந்தாருக்குள் வழக்கு வரும்போல் தெரிந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் புரொபேட் பெறுவது பாதுகாப்பு. உயில் இல்லாத வீட்டில், வங்கிப் பணத்துக்கு நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்று தேவைப்படலாம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்று காட்டும், பங்கைத் தீர்க்காது.

வக்கீலிடம் முதலில் கேளுங்கள்: "இவற்றில் எங்களுக்கு வேண்டியது எது, ஏன்?" புரியும்படி சொல்லுகிறவரே உங்களுக்கு உதவுவார். புரொபேட் மனு நடத்திய அனுபவம் உண்டா என்றும் விசாரியுங்கள். கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். சொத்தில் பங்கு கேட்பவரை விட்டு விலகுங்கள். வழக்கறிஞர் விதிகளே அதைத் தடுக்கின்றன. நகல்களைக் கொடுங்கள், மூலப் பத்திரத்தை ரசீது இல்லாமல் கொடாதிருங்கள்.

பணமில்லையே என்று விதவைகள் கலங்கவேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச வக்கீல் உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்ம காரியத்துக்குச் சொத்து எழுதிவைத்தால், அந்த உயில் மரணத்துக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டுமென்ற விதி இருந்தது. கேரளத்துக் குருவானவர் ஜான் வள்ளமட்டம் தொடுத்த வழக்கில், 2003-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தீர்த்தது. இப்போது நீங்கள் ஊழியத்துக்குத் தடையின்றி எழுதலாம். ஆனாலும் உங்கள் மனைவிக்குக் கூரையும், மகளுக்கு நியாயமும் உறுதியான பின்பே எங்களை நினையுங்கள். ஒரு விதவையின் வீட்டைக் குறைத்துக் கட்டுகிற வார்டு எங்களுக்கு வேண்டாம்.

சுகமாயிருக்கும்போதே இந்தக் காரியத்தைச் செய்து முடிக்கக் கர்த்தர் உங்களுக்குக் கிருபை தருவாராக. ஆமென்.