கலீஃபா தம் வீட்டில் தொடங்கிய கணக்கு
(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

முஸ்லிம்களின் ஆட்சிக்காலம் என்றதும் நாம் கோட்டைகளையும் வெற்றிகளையுமே நினைவுகூருகிறோம். வரியும் நிலமும் தீர்ப்பும் அன்று எவ்வாறு நடந்தன என்று கேட்பவர் குறைவு. கேட்டால், ஹிஜ்ரி 99 முதல் 101 வரை (கி.பி. 717-720) ஆட்சி செய்த உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடமே முதலில் செல்ல வேண்டியிருக்கிறது.

உமய்யாக்களின் செல்வச் செழிப்பில் வளர்ந்த அவர்கள், பொறுப்பேற்றதும் தம் வீட்டுக் கணக்கைத்தான் முதலில் எடுத்தார்கள். தமக்கு வந்து சேர்ந்திருந்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாட்டனார் மர்வானின் கைக்குப் போயிருந்த ஃபதக் நிலத்தை, அண்ணலார் (ஸல்) காலத்து நிலைக்கே மீட்டார்கள். கலீஃபா அப்துல் மலிக்கின் மகளான அவர்களுடைய துணைவியார் ஃபாத்திமாவின் நகையும் பைத்துல்மாலுக்குச் சென்றதாக அறிவிக்கப்படுகிறது. உறவினர்கள் முகம் சுளித்தார்கள், அவர்கள் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது வரி. குராசானில் இஸ்லாத்தைத் தழுவியோரிடமும் ஜிஸ்யா வாங்கப்பட்டு வந்தது. அதை நிறுத்த உத்தரவிட்டார்கள். வரிக்குப் பயந்தே மக்கள் இஸ்லாத்தை ஏற்கிறார்கள், கத்னாவைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாமே என்று யோசனை வந்தது. அல்லாஹ் தன் தூதரை அழைப்பாளராக அனுப்பினானே தவிர கத்னா செய்பவராக அனுப்பவில்லை என்ற கருத்தில் பதில் எழுதினார்கள்.

சமர்கந்து மக்களின் வழக்கை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்கிறார். தளபதி குதைபா தங்களை ஏமாற்றி நகரைக் கைப்பற்றினார் என்று அவர்கள் முறையிட்டார்கள். கலீஃபா அதை ஒரு காழியிடம் ஒப்படைத்தார்கள். அரபியர் நகரை விட்டு வெளியேறி முகாமுக்குச் செல்லட்டும். பின்பு புதிய உடன்படிக்கையோ போரோ முடிவு செய்யட்டும் என்று தீர்ப்பாயிற்று. வென்ற படைக்கு எதிராக வென்றவர்களின் காழியே அளித்த தீர்ப்பு! இறுதியில் அந்த மக்கள், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும், மீண்டும் போர் வேண்டாம் என்று கூறிவிட்டார்கள்.

முஸ்லிம் ஆட்சியெல்லாம் நீதியாட்சி என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் உமர் (ரஹ்) அவர்கள் திருத்தியதும் முஸ்லிம் ஆட்சியாளர்கள் செய்த அநீதியைத்தானே! அவர்களுக்குப் பின் வந்த இரண்டாம் யஸீதின் காலத்தில் அத்திருத்தங்கள் பெரிதும் நிலைக்கவில்லை. இஃப்ரீக்கிய்யாவின் ஆளுநர், இஸ்லாத்தை ஏற்ற பர்பர் மக்கள் மீது மீண்டும் ஜிஸ்யா சுமத்தியதால் கொல்லப்பட்டார்.

இந்த ஆண்டறிக்கையில் வக்ஃப் கடைகளின் வாடகைப் பாக்கிப் பக்கத்தையும் நாம் புரட்டிப் பார்த்தோம். பாக்கியுள்ளோர் அந்நியர் அல்லர். முன் வரிசையில் தொழுவோரும் அவர்களின் உறவினருமே. கடைத்தெருவில் மற்றவர் தரும் வாடகையில் பாதியும் தராதோர் இருக்கிறோம். விதவையர் உதவித்தொகை அந்த வாடகையிலிருந்துதான் போக வேண்டும். ஜமாஅத்தின் சம்பளத்தில் வாழும் நாம் இதைக் கூறுவது சிலருக்குக் கசக்கலாம், மன்னியுங்கள். அடுத்த கூட்டத்தில் பாக்கிப் பட்டியல் வாசிக்கப்படும்போது, நிர்வாகக் குழுவினரின் பெயர்களிலிருந்தே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.