பரிசும் பயனும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)





நமது சங்கத்தின் இளைஞர் பகுதியினர் இவ்வாண்டு ஒரு புதுமை செய்ய விழைகின்றனர். கோலப் போட்டிக்கும் பேச்சுப் போட்டிக்கும் வழக்கம்போல் எவர்சில்வர் பாத்திரங்களும் நூல்களும் பரிசாக வழங்கப்பெறும். அவற்றோடு, கணிப்பொறி விளையாட்டுகள் சிலவற்றை விலைக்கு வாங்கிக் குலுக்கல் முறையில் வழங்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதனைப் பற்றிச் செயற்குழுவில் பேச்சு எழுந்தபோது, ஒரு கேள்வியும் உடன் எழுந்தது. “விளையாடும் எண்ணமே இல்லாதவரும் சீட்டில் பெயர் எழுதிப் போடலாமா?” என்பதே அக்கேள்வி. “அதில் என்ன தவறு?” என்றனர் சிலர். “அது முறையன்று” என்றனர் வேறு சிலர். கேள்வி சிறியதுபோல் தோன்றினும், கொடுப்பார்க்கும் கொள்வார்க்கும் இடையேயுள்ள உறவு முழுவதையும் அது தொட்டு நிற்கிறது. ஆகவே அதனையே இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் பெரியவர்களுடைய ஐயம் ஒன்றைப் போக்கிவிட வேண்டும். விளையாட்டு, குலுக்கல், பரிசு என்னும் மூன்று சொற்களையும் ஒருசேரக் கேட்டதும் சூதாட்டமோ என்று அஞ்சுதல் இயல்பு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க நமது நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியதையும் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். நாம் பேசுவது அதுவன்று. இங்கே எவரும் பணயம் வைப்பதில்லை. எவரும் பொருளை இழப்பதுமில்லை. ஒரு நாவலைப்போல, ஒரு திரைப்படத்தைப்போல, சிலர் கூடி உழைத்து ஆக்கிய படைப்பு அது. அதன் படி ஒன்றை ஒருவர் வாங்கி மற்றொருவர்க்கு அளிக்கிறார், அவ்வளவே.

அத்தகைய படைப்பு எப்படியிருக்கும் என்பதற்கு, நமக்கு நெருங்கிய சான்று ஒன்றே போதும். ‘வெண்பா’ என்னும் விளையாட்டு 2023-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது. கனடாவிலுள்ள டொராண்டோ நகரத்துச் சிறு குழுவொன்று அதனை ஆக்கிற்று. 1980-களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதை அது. தாயின் சமையற்குறிப்பு ஏடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்டவற்றை உய்த்துணர்ந்து இட்லியையும் பிற உணவுகளையும் சமைத்து முடிப்பதே ஆட்டம். மகன் வளர வளரத் தாய்மொழி அவன் நாவினின்று நழுவுவதையும் அக்கதை காட்டுகிறது. 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளுள் முதற்படைப்புக்குரிய விருதினை அது பெற்றது. ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மைப் போன்றோர் ஓரிரு மணி நேரத்தில் ஆடி முடித்துக் கண்கலங்கக்கூடிய படைப்பு அது. இத்தகைய ஒன்று பரிசாக வருகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதனைப் பெற்றவர் ஒருநாளும் திறந்து பாராமலே வைத்திருந்தால், அந்த ஏடு மீண்டும் கிழிந்தபடியே கிடக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்பரிசு கைக்கு வரும் வகையையும் அறிதல் வேண்டும். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய ‘ஸ்டீம்’ போன்ற இணையக் கடைகளில் இவ்விளையாட்டுகள் விற்பனையாகின்றன. பரிசளிப்பவர் கொடுப்பது பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரிதான். இளைஞர்கள் அதனைக் ‘கீ’ என்பார்கள். அதனைத் தம் கணக்கில் பதிந்துகொண்டால் விளையாட்டு அவருடையதாகும். ஒருமுறை பதிந்துவிட்டால் அது வேறெவர்க்கும் பயன்படாது. பாத்திரம் வேண்டாமென்றால் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கலாம். நூலைப் படிக்காவிட்டால் நூலகத்திற்கு அளிக்கலாம். பதிந்த கீயை அவ்வாறு செய்ய இயலாது. வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இனி, கொடைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதை நோக்குவோம்.

வரையறையின்றி வருவார்க்கெல்லாம் வழங்குவது முதல்வகை. ‘எபிக்’ என்னும் நிறுவனம் 2018 டிசம்பரில் தன் கடையைத் திறந்தது முதற்கொண்டு விளையாட்டுகளை இலவசமாக அளித்து வருகிறது. இது வள்ளன்மையால் மட்டும் விளைந்ததன்று. வாடிக்கையாளரைச் சேர்க்கும் வணிகமுறை. 2021-இல் நடந்த வழக்கொன்றில் வெளிவந்த ஆவணங்களின்படி, முதல் ஒன்பது மாதங்களில் அந்நிறுவனம் இதற்கெனப் படைப்பாளர்களுக்குக் கொடுத்த தொகை சுமார் 1 கோடியே 16 லட்சம் டாலர். இங்கே ஒருவர் பெறுவதால் மற்றொருவர்க்குக் குறைவதில்லை. பெற்றவர் ஆடாவிட்டாலும் படைப்பாளர்க்கு உரியது போய்ச் சேர்ந்துவிட்டது. தீபாவளிக்கு ஜவுளிக்கடை கொடுக்கும் பையை வாங்கி வைத்துக்கொள்வதைப் போன்றது இது. பேராசை என்று வேண்டுமானால் சொல்லலாம். பிறர்க்குத் தீங்கென்று சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, அறத்தின்பொருட்டு அமைந்தது. 2020 ஜூனில் ‘இட்ச்’ என்னும் தளத்தில், இனநீதிக்காகப் பாடுபடும் அமைப்புகளுக்கு நிதி திரட்டும் நோக்குடன் பெருந்தொகுப்பு ஒன்று விற்கப்பட்டது. குறைந்தது 5 டாலர் கொடுப்பவர்க்கு 1,700-க்கும் மேற்பட்ட படைப்புகள் கிடைத்தன. 80 லட்சம் டாலருக்கு மேல் நிதி திரண்டது. அத்தனையையும் ஆட ஒருவர்க்கு வாழ்நாள் போதாது; ஆடுவாரென்று அவற்றை அளித்தவர்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அவர்கள் வேண்டியது நிதி, அது நிறைவேறிற்று. ஆகவே ஆடாமையால் அங்கே குற்றமில்லை.

மூன்றாவது வகைதான் நமது சங்கம் செய்யக் கருதுவது. ஒரு தனிமனிதரோ, சிறு குழுவோ, தம் கைப்பொருள் கொண்டு வாங்கிய ஒன்றிரண்டு கீகளைக் குலுக்கலில் வைக்கின்றனர். இதனை யாரேனும் ஆடி மகிழ வேண்டும் என்பதன்றி அவர்களுக்கு வேறு பயன் இல்லை. இங்கே ஒருவர் பெற்றால் மற்றவர்க்கு இல்லை. கணக்கைப் பாருங்கள்: நூறு பேர் பெயர் கொடுக்கின்றனர், அவர்களுள் ஆடும் விருப்பமுடையவர் இருபதுபேர் என்று கொள்வோம். விருப்பமுடையவர் மட்டும் பெயர் கொடுத்திருந்தால் ஒவ்வொருவர்க்கும் இருபதில் ஒரு வாய்ப்பு. இப்போதோ நூற்றில் ஒன்று. அதுமட்டுமன்று. அத்தகைய ஐந்து குலுக்கல்கள் நடந்தால், நான்கில் பரிசு வேண்டாதவர் கைக்கே போகும். ஒருவருடைய பெயர் சேர்வதால் விளையும் இழப்பு மிகச் சிறிது என்பது உண்மை. ஆயினும் எண்பதுபேரும் அவ்வாறே நினைத்ததன் விளைவு, கொடுத்தவருடைய எண்ணம் பாழாவதே.

விருப்பமில்லாதவர் ஏன் பெயர் கொடுக்கின்றனர்? சிலர்க்குத் தம் கணக்கிலுள்ள எண்ணிக்கை பெருக வேண்டும் என்ற ஆசை. சிலர் கீயை விற்றுப் பொருளாக்குவர். வேறு சிலர்க்குச் சீட்டுகளின்மேல் கண். 2013-இல் ஸ்டீம் கடையில் சேகரிப்புச் சீட்டுகள் என்றொரு முறை வந்தது. விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தால் சில சீட்டுகள் கிடைக்கும். அவற்றை அக்கடையின் சந்தையிலேயே விற்கலாம். ஆடாமலே விளையாட்டை ஓடவிட்டுச் சீட்டுகளைப் பெறும் பழக்கம் தோன்றிற்று. அதனினும் மேலாக, சீட்டுகளுக்கென்றே போலி விளையாட்டுகளைச் செய்து, ஆயிரக்கணக்கான கீகளைத் தானியங்கிக் கணக்குகளுக்கு இறைத்துப் பணம் பண்ணுவோரும் கிளம்பினர். 2017-இல் வால்வ் நிறுவனம் இதனை வெளிப்படையாக எடுத்துரைத்து, உண்மையான ஆட்டக்காரர்கள் இருப்பதாக உறுதிப்பட்ட விளையாட்டுகளுக்கே சீட்டுகள் கிடைக்குமாறு விதியை மாற்றிற்று.

அதற்கு முந்திய ஆண்டு மற்றொன்று நடந்தது. இலவசக் கீகளைக் கொடுத்துப் பாராட்டுரைகளைப் பெறும் முறைகேடு மிகுந்தமையால், கீ வழியே பெற்றவர் எழுதும் மதிப்புரைகளை மொத்த மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை என்று 2016 செப்டம்பரில் அக்கடை முடிவு செய்தது. இதனால் அல்லற்பட்டவர் யார்? முறைகேடு செய்தவர் மட்டுமல்லர். பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி விளையாட்டை ஆக்கி, அவர்களுக்குக் கீகளை அனுப்பிய நேர்மையான சிறு படைப்பாளர்களும் அல்லற்பட்டனர். அவர்களை முதன்முதல் ஆதரித்தவர்களுடைய கருத்துகள் கணக்கில் ஏறாமற் போயின. கொள்வாரும் கொடுப்பாரும் சிலர் நெறி தவறியதற்கு, நெறி நின்றவர் விலை கொடுத்தனர்.

“நிபந்தனை எதுவும் இல்லாமல் கொடுப்பதுதானே கொடை? பெற்றபின் அது என் பொருள், ஆடுவேன், ஆடாதிருப்பேன், கேட்க யாருக்கு உரிமை?” என்று ஓர் இளைஞர் வினவலாம். தக்க வினாவே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெறுவார்க்குச் சொன்ன நம் முன்னோர், கொடுத்தபின் கணக்குக் கேட்டு நிற்பாரையும் மதித்ததில்லை. கேட்கும் உரிமை கொடுத்தவர்க்கு இல்லை என்பதை ஒப்புகிறோம். ஆனால், ஒருவர் கேட்கமாட்டார் என்பதனால் நமது கடமை நீங்கிவிடுமா? அன்னதானப் பந்தியில் பசித்தவன்தானா என்று எவரும் கேட்பதில்லை. அதனாலேயே, உண்டு வந்தவன் இலையில் அமராதிருப்பது அவனுடைய மானத்தைப் பொறுத்ததாகிறது. விதி பேசாத இடத்தில்தான் பண்பு பேச வேண்டும். தனக்கும் வேண்டாது பிறர்க்கும் விடாது கிடப்பதை வைக்கோற்போர் நாய் என்று ஊரில் சொல்வார்கள். அப்பெயரை நம் பிள்ளைகள் எடுக்க வேண்டாம்.

எனினும், ஆடாதவரையெல்லாம் குற்றவாளியாக்குவதும் நீதியன்று. ஆட வேண்டுமென்றே பெயர் கொடுத்தவருக்குத் தேர்வு வரலாம். வேலை மாற்றம் வரலாம். வீட்டுக் கணிப்பொறி அதனைத் தாங்காதிருக்கலாம். சிறிது ஆடியபின் பிடிக்காமலும் போகலாம். அவர்பால் குற்றமில்லை. பெயர் கொடுத்த அன்று உள்ளத்தில் இருந்த எண்ணத்தையே நாம் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அதனை வெளியார் அளக்க முடியாது. ஆகையால் இவ்வளவு நேரம் ஆடியதாகக் காட்டு என்று சங்கம் வற்புறுத்துவதை நாம் விரும்பவில்லை. வற்புறுத்தினால் விளையாட்டை ஓடவிட்டு உறங்கப் போவார்களேயன்றி, விருப்பம் பிறக்காது.

ஆகவே செயற்குழுவின்முன் சில எளிய முறைகளை வைக்கிறோம். எல்லா விளையாட்டுகளையும் ஒரே குலுக்கலில் கலக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெட்டி வைக்கலாம். வேண்டியவர் வேண்டியதற்கு மட்டும் பெயர் எழுதுவார். அது எத்தகைய விளையாட்டு, எத்தகைய கணிப்பொறி வேண்டும், எந்த வயதினர்க்கு ஏற்றது என்பதைப் பெட்டியின்மேல் எழுதி வைக்கலாம். வென்றவர்க்கு மனம் மாறினால், கீயைப் பதியுமுன் ஒரு வாரத்திற்குள் திருப்பிக் கொடுக்கலாம்; மறுகுலுக்கல் நடத்தலாம். திருப்பிக் கொடுப்பவரை எவரும் குறைத்துப் பேசலாகாது. ஆடியவர் விரும்பினால், நன்றோ தீதோ, தாம் கண்டதை நான்கு வரி தமிழில் எழுதி நமது கையெழுத்து ஏட்டுக்குத் தரலாம்.

இளைஞர்களே, பெயர் எழுதுமுன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: “இது எனக்குக் கிடைக்காமல் அடுத்த வீட்டுத் தம்பிக்குக் கிடைத்தால், நான் ஆட முடியவில்லையே என்று வருந்துவேனா?” வருந்துவீர்களானால் தயங்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் எழுதுகோலை அத்தம்பியின் கையில் கொடுங்கள். காலனியில் சில வீடுகளில் விளையாட்டுக்கென்று ஐந்நூறு ரூபாய் ஒதுக்க முடியாது என்பது நம்மெல்லோர்க்கும் தெரியும். அவ்வீட்டுப் பிள்ளைக்கு அச்சீட்டு ஒன்றே வழி. அவ்வழியை அடைக்காதிருப்பதும் ஒரு கொடைதான். அதற்குக் காசும் வேண்டியதில்லை, குலுக்கலும் வேண்டியதில்லை.