அக்கரையில் குடித்தனம்

(திருப்பத்தூரில் நடைபெற்ற வழியனுப்பு உபசாரக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



சிங்கப்பூருக்குக் குடித்தனம் போகிற இந்த இளந் தம்பதிகளை வழியனுப்புவதற்காக நாம் இங்கு கூடியிருக்கிறோம். எனக்கு முன் பேசியவர்கள் போதுமான அளவு வாழ்த்திவிட்டார்கள். ஒருவர் பதினாறும் பெறவேண்டும் என்றார். அதில் பிள்ளை எத்தனை என்று மட்டும் கணக்குச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். (சிரிப்பு). ஆகையால் வாழ்த்து வேலையை நான் செய்ய உத்தேசிக்கவில்லை. என்னுடைய வாழ்த்தினால் இவர்களுக்கு விமானத்தில் ஒரு கிலோ சாமான்கூட அதிகமாக ஏற்ற முடியாது.

கூட்டம் ஆரம்பிக்கு முன் உள்ளே காப்பி சாப்பிடும்போது ஒரு பெரியவர் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது. "பெண்ணுக்கு என்ன கவலை? பையன் சம்பாதிக்கிறான், இவள் ஆக்கிப் போட்டுக்கொண்டு ராணி மாதிரி இருக்கலாம்" என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் இந்த அம்மாள் ஆறு வருஷமாக ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருந்து, இப்போது அந்தப் பிரிவையே மேற்பார்வை செய்து, தன் கைச் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைத்தவர். இப்படிப்பட்டவரை அடுப்பங்கரையில் ராணியாக்குவது உத்தியோக உயர்வா, உத்தியோக நீக்கமா என்று உங்களையே கேட்கிறேன்.

தோழர்களே! அக்கரைக்குக் குடித்தனம் போவது நமக்குப் புதிதல்ல. என் பாட்டனாரின் தங்கை ஒருவர் வாணியம்பாடிக்குப் பக்கத்திலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 1927 வாக்கில் புருஷனோடு மலேயா போனவர். புருஷன் தோல் ஷாப்பில் கூலி. மழை பொய்த்து ஊரில் கஞ்சிக்கு வழியில்லாத சமயத்தில், வெள்ளை வேட்டியும் மேலே ஒரு கோட்டுமாகக் கங்காணி வந்து இறங்கினால் யார்தான் மயங்கமாட்டார்கள்? ஒப்பந்தக் கூலி முறை 1910லேயே மலேயாவில் எடுபட்டுப் போயிற்று. ஆனால் கங்காணி தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள் பிடித்துக் கொண்டுபோகும் முறை அதன் பிறகும் இருந்தது. ஆவடி முகாமில் கொஞ்ச நாள். பிறகு கப்பலில் மேல்தட்டுப் பிரயாணம். பினாங்கு சேர்ந்ததும் நோய்க்காகத் தீவில் ஒதுக்கி வைப்பு. அப்புறம் லாரியில் தோட்டம்.

தோட்டத்தில் லயம் என்று பெயர், வரிசையாகப் பலகைத் தடுப்பு வைத்த அறைகள். ஒரு அறை பத்தடிக்குப் பத்தடி இருந்தால் அதிகம். கலியாணமான ஜோடி குடியிருக்கும் அறையிலேயே தனியாள் ஒருவனையும் சேர்த்துப் போட்ட தோட்டங்கள் உண்டு. தலைக்கு மேலே தடுப்பு முழுவதும் எட்டாததால் பக்கத்து அறையில் இருமினாலும் இங்கே கேட்குமாம். ஜாதியையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள்தானே நாம்! சில தோட்டங்களில் லயத்தையே ஜாதிக்கொன்றாகப் பிரித்தார்கள். கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று சாஸ்திரம் பேசினவர்கள், தாண்டின பிறகும் அது போகவில்லை என்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அவர்களது ஒரு நாள் பொழுதை அந்தப் பாட்டி சொல்ல நான் சிறுபிள்ளையாகக் கேட்டிருக்கிறேன். விடிய நாலு மணிக்கு முன்பே இவர் எழுந்து சோறாக்கி, பிள்ளையைத் தூக்கிக் கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டு, இருட்டோடு பெரட்டுக்குப் போய் நிற்கவேண்டும். பேர் கூப்பிட்டதும் அவரவர் நிரைக்கு ஓட்டம். வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் ஓடாது. ஆகவே குளிரிலேயே முந்நூறு மரத்துக்குமேல் சீவிவிட வேண்டும். கத்தி ஒரு நூல் ஆழம் இறங்கினால் மரம் காயப்படும், கங்காணியின் வாயும் திறக்கும். பிறகு மங்குகளில் விழுந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளில் சுமந்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். புருஷனும் பெண்சாதியும் அடுத்தடுத்த நிரையில் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பினால் அவர் திண்ணையில் காலை நீட்டுவார். இவர் அடுப்பில் விறகை நீட்டுவார். சாயங்காலம் அவருக்குக் கள்ளுக்கடை. அதையும் தோட்டத்திலேயே வைத்துக் கொடுத்தார்கள். காலையில் கொடுத்த காசு மாலையில் திரும்பி வந்துவிட வேண்டுமல்லவா?

கூலியைப் பாருங்கள். 1920களின் கடைசியில் நிர்ணயம் செய்த கூலி ஆணுக்கு நாளைக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ரப்பர் விலை விழுந்த 1930இல் அதை 40, 32 என்று குறைத்தார்கள். பிறகு ஏற்றி, மறுபடி 1938இல் 45, 36 என்று வெட்டினார்கள். அந்த வருஷம் ஜூன் மாதம் இந்திய சர்க்கார் கூலியாட்களைக் கப்பலேற்றுவதையே தடுத்ததற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். இந்த மூன்று கணக்கையும் வகுத்துப் பாருங்கள். 50க்கு 40, 40க்கு 32, 45க்கு 36. உலகச் சந்தை கவிழ்ந்தாலும் நிமிர்ந்தாலும் பெண் என்றால் ஐந்தில் நாலு பங்கு என்பது மட்டும் ஒரு காசு அசையவில்லை! மரம் பெண் சீவினால் ஐந்தில் நாலு பங்குதான் பால் கொடுத்ததா? அதிலும் அந்த நாலு பங்கு பாட்டியின் கைக்கு வரவில்லை. இரண்டு பேர் கூலியையும் சேர்த்துப் புருஷன் கையில்தான் கொடுத்தார்களாம்.

முதலாளிகள் பெண்களை விரும்பி அழைத்தார்களா என்றால், அதுவும் இல்லை. 1931ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி மலேயாவில் இந்தியரில் ஆயிரம் ஆணுக்கு ஐந்நூறு பெண்கூட இல்லை. 1922ஆம் வருஷத்து இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் குடும்பமாக அனுப்பவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வந்தது. 1923ஆம் வருஷத்து மலேயாத் தொழிலாளர் சட்டத்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம், பிரசவ உதவி என்பவைகளும் ஏற்பட்டன. சட்டம் என்று ஒன்று வந்து கையைப் பிடித்து இழுக்கிறவரையில் எந்தத் துரைக்கும் நம் பெண்களுக்குப் பிரசவம் ஆகும் என்ற விஷயமே தெரியவில்லை போலும்.

மந்த காலத்தில் லட்சத்துக்கு மேற்பட்ட கூலியாட்களைத் திருப்பி அனுப்பினார்கள். 1932இல் பாட்டியையும் பிள்ளையையும் கப்பலேற்றினார்கள். புருஷன் அங்கேயே ஏதோ வேலை கிடைத்ததென்று நின்றார். பின்பு கடிதாசு நின்றது. பின்பு ஆளைப் பற்றிய பேச்சே நின்றது. பாட்டியிடம் இருந்தது ஒரு தகரப்பெட்டி. கலியாணத்துக்கு அத்தாட்சியில்லை, வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் காகிதமில்லை, சேர்த்த பணம் எவ்வளவு என்ற கணக்கு தெரியாது. ஐந்து வருஷம் அவர் பேர் பெரட்டில் தினம் கூப்பிடப்பட்டது. அந்தப் பேரேட்டைத் தவிர வேறெங்கும் அவர் பேர் இல்லை. ஊருக்கு வந்து ஆவாரம்பட்டை இடித்துப் பிழைத்தார். விதி என்று சொல்லமாட்டார்; "எனக்குக் கேக்கத் தெரியல" என்றுதான் சொல்லுவார்.

அங்கேயே தங்கினவர்களுக்கும் காகிதம்தான் வினையாயிற்று. ஜப்பான்காரன் காலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்ச் சாகடித்த பிறகு, பெண்கள் தனியே லயத்தைக் காத்தார்கள். 1957இல் நாடு விடுதலையடைந்தது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற போது, நாற்பது வருஷம் மரம் சீவினவர்கள் நேற்று வந்தவர்கள் போலக் காகிதம் தேடினார்கள். பல ஆயிரம் பேர் ஊர் திரும்பினார்கள்.

சரி, இன்றைய சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே லயமும் இல்லை, கங்காணியும் இல்லை. தமிழ் ஆட்சி மொழிகளில் ஒன்று. தேக்காச் சந்தையில் முருங்கைக்கீரைகூடக் கிடைக்கும். ஆனால் சீட்டு உண்டு. உடலுழைப்புக்குப் போகிற வேலை அனுமதிக்காரர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவே முடியாது. நம் தம்பி பொறியாளர். மாதச் சம்பளம் 6,000 வெள்ளிக்குக் குறையாதவராதலால் பெண்சாதியைச் சார்ந்திருப்போர் சீட்டில் அழைத்துக்கொள்கிறார். அந்தப் பேரையே கவனியுங்கள்: சார்ந்திருப்போர்! 2021ஆம் வருஷம் மே மாதம் முதல் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு சாதாரணமாக வேலைக்குப் போகமுடியாது. முதலாளி ஒருவர் மூலம் தனக்கென்று வேலை அனுமதி பெறவேண்டும். புருஷனுக்கு வேலை போனால் அவர் சீட்டோடு இவர் சீட்டும் போகும். ஜெர்மனி போன்ற இடங்களில் போகுமுன் கொஞ்சம் அந்த மொழி படிக்கச் சொல்லிச் சிலரைத் தொந்தரவு செய்தாலும், போனபின் பெண்சாதியும் வேலை பார்க்கலாம். ஊருக்கு ஊர் சட்டம் வேறு. இதை விசாரிக்காமல் முகூர்த்தம் மட்டும் விசாரிக்கிறோம்.

வீடும் அப்படியே. முதலில் இவர்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் வேறொருவர் அடுக்குமாடி வீட்டில் ஒரு அறை. சமையல் கூடாது என்றோ, லேசான சமையல்தான் என்றோ நிபந்தனை இருக்கும். தாளித்தால் வீட்டுக்காரருக்கு முகம் சுளிக்கும். தம்பி காலையில் போய் இரவு வருவார். இவர் அந்த அறையில், ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் துணியை நீட்டிவிட்டு, யாரிடம் பேசுவார்? நூற்றைம்பது பேர் உட்கார்ந்து தைக்கிற இடத்தில் இருந்தவர்! இந்தத் தனிமையை எழுதி அனுப்பினால் இங்கே நாம் "கொடுத்து வைத்தவள்" என்று பதில் எழுதுவோம்.

ஆகையால் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கலியாணத்துக்குச் சமைக்கிறவர்கள் எல்லாம் ஆண்கள்தானே! இவருக்கு மாதாமாதம் செலவுக்குப் பணம் "கொடுப்பது" என்ற பேச்சு வேண்டாம். பாங்கியில் இவர் பேருக்கு ஒரு கணக்கு இருக்கட்டும், அதில் பங்கு தானாகப் போய்ச் சேரட்டும். பஸ், ரயில், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் முதல் மாதமே இவர் தனியாகப் போய்வரட்டும்.

அம்மா! உங்களுக்கு: வேலையை ராஜினாமா செய்துவிட்டதாகக் காலையில் சொன்னீர்கள். கடிதம் இன்னும் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னீர்கள். அதை விடுப்புக் கடிதமாக மாற்றி எழுதிக் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் நஷ்டம் ஒரு காகிதம். ஆறு வருஷத்துக்கு அனுபவச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அனுமதி கேட்கிறபோது உதவும். ஒரு வருஷம் தனியாக அங்கும் இங்கும் இருந்து, உங்களுக்கும் வேலை தேர்ந்தபின் போவதா, இப்போதே போவதா என்பதை நான் சொல்ல அருகதையற்றவன்; உங்கள் மாமனாரும் அப்படியே. (சிரிப்பு). நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் கலியாணம் சுயமரியாதைக் கலியாணம். 1967இல் செய்த சட்டத்தினால் புரோகிதர் இல்லாமலேயே அது செல்லும். 2009ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவும் செய்திருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழில் இரண்டு நகல் எடுத்து ஒன்றை உங்கள் பெட்டியிலும் ஒன்றை உங்கள் தாயார் வீட்டிலும் வையுங்கள். என் பாட்டிக்கு அந்த ஒரு காகிதம் இல்லை.

இன்னொன்று. இரண்டு பாஸ்போர்ட்டும் பத்திரமாக இருக்கட்டுமென்று பெரியவர் தம் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பதாக அறிகிறேன். பத்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அது யார் பேருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர் கையில் இருக்கவேண்டிய வஸ்து. ஐயா, தாங்கள் கோபிக்கக்கூடாது. சாவியைத் தாங்கள் கொண்டுவந்திருப்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நாம் மூவருமாக வீட்டுக்குப் போய் அந்த அம்மாள் பாஸ்போர்ட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வருவோம்.